வேல்ஸ் ரக்பி ஜெயிச்சா ரசிகர் எப்படி தாக்குப்பிடிக்கணும்

தோல்வி வேல்ஸ்க்கு பழகின விஷயம், 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு வரிசையா 18 டெஸ்ட் (ரெண்டு நாட்டு டீம் மோதுற மேட்ச்) தோத்துட்டு 2025 ஜூலைல ஜப்பான்ல போய்த்தான் ஒண்ணு ஜெயிச்சாங்க. ஜெயிச்சாதான் சிக்கலே.

முதல்ல, கார்டிஃப் ஸ்டேடியத்துல ஜெயிச்ச அன்னிக்கு ராத்திரி என்ன வேணா பேசுங்க, பாடுங்க, தப்பே இல்ல. மறுநாள் காலைல வேர்ல்ட் கப் நமக்குத்தான்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. 2005ல 27 வருஷம் கழிச்சு கிராண்ட் ஸ்லாம் (வருஷா வருஷம் ஆறு நாடு மோதுற சிக்ஸ் நேஷன்ஸ்ல எல்லா மேட்ச்சும் ஜெயிக்கிறது) அடிச்சாங்க, வேல்ஸ் பிளேயர் ஹென்சன் உதைச்ச அந்த பெனால்டில இங்கிலாந்த 11-9னு சாய்ச்சதெல்லாம் செம, ஆனா அடுத்த சீசன் பாதியிலயே கோச் மைக் ரட்டக் கிளம்பிட்டாரு, 2007 வேர்ல்ட் கப்ல ஃபிஜிகிட்ட 38-34 தோத்து வெளிய வந்தாங்க, அதுக்கடுத்த வருஷமே மறுபடி கிராண்ட் ஸ்லாம்! இந்த ஊஞ்சல்ல எந்தப் பக்கம் இருக்கோம்னு பாத்துட்டு பேசுங்க.

ரேங்கிங்க ரொம்ப நம்பாதீங்க. 2019 ஆகஸ்ட்ல முதல்தடவையா உலக நம்பர் ஒன், 2020 சிக்ஸ் நேஷன்ஸ்ல அஞ்சாவது.

கோப்பைய விட கிளப் நியூஸ பாருங்க, இதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். 2019 கிராண்ட் ஸ்லாம் மேட்ச்சுக்கு முன்னாடி அதே மாசத்துலதான் வேல்ஸ் கிளப்புகளான ஆஸ்ப்ரேஸையும் ஸ்கார்லெட்ஸையும் இணைக்கிற பேச்சு வெடிச்சுது, பிளேயர்ஸுக்கு வேலை இருக்குமான்னே சந்தேகம், இருந்தும் அயர்லாந்த 25-7 அடிச்சாங்க. கப்பு வந்துச்சு, காசு பிரச்சினை அப்படியே இருந்துச்சு.

அப்புறம் எழுபதுகள்ல வேல்ஸ் ஸ்டார் கேரத் எட்வர்ட்ஸ் எப்படி ஆடுவாருன்னு பெருசுங்க ஆரம்பிச்சா வாதாடாதீங்க, கேட்டுக்கிட்டே இருங்க.