மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டுக்குப் புலி பார்க்கப் போகிறீர்களா?

முதல்ல சவாரி வாகனத்தைப் பதிவு பண்ணுங்க, அப்புறம்தான் ரயில் டிக்கெட். நான் தலைகீழா செஞ்சு, உமரியா ஸ்டேஷன்ல இறங்கின பிறகு பெர்மிட் கிடைக்காம ஒரு நாள் முழுக்க விடுதி வாசல்ல குரங்கு பார்த்தேன். தாலா, மக்தி, கிதௌலி மூணும் காட்டுக்குள்ள போற தனித்தனி வாசல்; எந்த வாசலுக்குப் பதிவு செஞ்சீங்களோ அந்தப் பகுதிக்குள்ளதான் சுத்த முடியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை உட்காடு மூடியிருக்கும். புதன்கிழமை மதியமும் சவாரி கிடையாது, இதை நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கணும்.

ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனா தண்ணி வத்தி, புலி குட்டைக்கு வந்தே தீரும். டிசம்பர்னா திறந்த ஜிப்சி ஜீப்புல விடியக்காலைக் குளிர் எலும்பைக் குடையும். குரங்குக் குல்லா, கையுறை அவசியம்.

ரெண்டு நாளில் நாலு சவாரியாவது வைங்க. உள்ளே போனதும் கேமராவை விடக் காதுதான் முக்கியம். புள்ளிமான் சும்மாவும் கத்தும். கடமான் "டாங்க்"னு அடிவயித்துல இருந்து கத்தினா, பக்கத்துல புலி இருக்கலாம்னு டிரைவர் இஞ்சினை அணைச்சிடுவார். அப்ப பேசாதீங்க, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க.

எனக்கு மூணாவது சவாரியில்தான் புலி தெரிஞ்சுது, அதுவும் மூங்கிலுக்குள்ள ஒரு வால் மட்டும்.