கிணற்றுக்குள்ளிருந்து பாடிய முருகன் பாட்டு: ரிவெர்ப், டிலேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஆடிக் கிருத்திகைக்காக ஒரு முருகன் பாட்டை என் வீட்டு அறையிலேயே ரெக்கார்டு செய்து மிக்ஸ் பண்ணினேன். ஹெட்போனில் பிரமாதமாக இருந்தது. தெருவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போட்டதும் பாடிய அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்ப்பா, கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கே?"

அவர் சொன்னது சரிதான். மூன்று நொடி நீளும் ரிவெர்பைக் குரலின் மேல் கொட்டியிருந்தேன். போதாததற்கு, தெருவே ஒரு டிலே. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டர் கூடுதல் தொலைவில் இன்னொரு குழாய் இருந்தால் அதன் சத்தம் 100 மில்லிசெகண்ட் பிந்தி வந்து சேரும்.

சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எண்ணற்ற ஒலிகள் கலந்த கார்வைதான் ரிவெர்ப். தனித்தனியாகக் காதில் விழும் எதிரொலி டிலே. குரலுக்கு மினுக்குப் பூச இவற்றைப் போடுகிறோம் என்று நானும் நினைத்திருந்தேன். ரிவெர்ப் கூடக்கூடப் பாடகர் தூரமாகப் போய்விடுகிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

நம் பாட்டில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கமகத்தில் சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. நீளமான ரிவெர்பில் முந்தைய அசைவின் மிச்சம் அடுத்த அசைவின் மேல் படியும். தோடி ராகம் பாடினால் சுருதி விலகினாற்போல் கேட்கும். ல, ள, ழ வேறுபாடும் இந்த மூட்டத்தில்தான் முதலில் தொலைகிறது. வேகமான பாட்டுக்கு ரிவெர்பின் நீளத்தை ஒரு நொடியை ஒட்டித் தொடங்கி, காதுக்குப் போதவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். பிரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவிலான இடைவெளியை, 20 முதல் 40 மில்லிசெகண்ட் வைத்தால் சொல் முதலில் வந்து நிற்கும், கார்வை பின்னால் வரும்.

அறை எதிரொலிப்பதை ரிவெர்ப் போட்டு மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான அறையில் பாடியதன் மேல் இன்னொரு மண்டபத்தை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே கேட்கும். பாடுகிறவரைச் சுற்றி இரண்டு கனமான கம்பளியைத் தொங்கவிடுவது மேல். பெங்களூர்க்காரர் வீட்டில் கம்பளிக்கா பஞ்சம்! பாடும்போது ஹெட்போனில் ரிவெர்ப் வேண்டும் என்பார்கள். கொடுங்கள், ஆனால் ரெக்கார்டிங்கில் அது பதியக் கூடாது. பதிந்ததைப் பிறகு சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு ரிவெர்ப் என்று மாட்டினால் வயலின் ஒரு ஊரிலும் மிருதங்கம் வேறு ஊரிலும் இருக்கும். தனி ஆக்ஸில் (எல்லா ட்ராக்கும் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தடம்) ஒன்றோ இரண்டோ ரிவெர்ப் வைத்து, சென்ட் (ட்ராக்கின் ஒலியை அங்கே அனுப்பும் வழி) வழியாக எல்லாவற்றையும் அளவாக அனுப்புங்கள். ஆக்ஸில் வெட், அதாவது ரிவெர்பின் பங்கு, 100 சதவீதம் இருக்கட்டும். திரும்பி வரும் ரிவெர்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை இ.க்யூவில் வெட்டிவிடுங்கள்; இல்லையென்றால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தடித்த ஒலி தரும் பக்கம், எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். 'ஸ' சீறினால் மேல்பகுதியையும் கொஞ்சம் தணிக்கலாம்.

டிலேயில் நேரத்தைக் குத்துமதிப்பாக வைப்பதுதான் பெரிய தவறு. 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஒரு அடிக்கான மில்லிசெகண்ட் கிடைக்கும். 90 டெம்போவில் சுமார் 667, அதன் முக்கால் 500. விருத்தத்துக்குத் தாளமே இல்லை, அங்கே இந்தக் கணக்கு செல்லாது, காதுதான் வழி. எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக்கை இரண்டு மூன்று எதிரொலியோடு நிறுத்துங்கள். பாட்டு முழுக்க ஓடவிடாமல், வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஆட்டோமேஷனில் (அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) அனுப்பிப் பாருங்கள்.

குரலை அகலமாக்க ஒரு பக்கத்தை மட்டும் 15 மில்லிசெகண்ட் தள்ளிவைக்கும் வித்தை ஸ்டீரியோவில் ஜோராக இருக்கும். மோனோவில் இரண்டு பக்கமும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, குரல் மெலிந்து தகரமாகும். கோயில் குழாய்க்கு மோனோதான் போகும்.

இப்போதெல்லாம் மிக்ஸை முடித்ததும் அக்கா வீட்டுச் சமையலறையில், குக்கர் விசிலுக்கு நடுவே, போனில் போட்டுக் காட்டுகிறேன். அவர் "என்ன சொன்னே?" என்று ஒரு வரியில் கேட்டாலும் திரும்பி வந்து ரிவெர்பைக் குறைக்கிறேன்.