வாசலில் நிற்கும் கடனா, சத்தமில்லாமல் வளரும் கடனா: எதை முதலில் அடைப்பது?

2022-ல் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வார்ப்பு (கான்கிரீட் கூரை) போட்டோம். வேலை முடிந்தபோது வீடு ஒன்று, கடன் ஏழு. நான் ரப்பர் பால்வெட்டு, மனைவி அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை. யார் வந்து வாசலில் நின்று சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுத்தோம். நாலு பேர் பார்த்தால் நாணக்கேடு, அதுதான் காரணம். ஒரு வருடம் அப்படி ஓடியது. ஒரு கடனும் தீரவில்லை. சத்தமே போடாமல் அடகுக் கடை லாக்கரில் கிடந்த நகைதான் எங்களை அதிகம் தின்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதிலிருந்து வெளியே வந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு வராது என்று நினைப்பவர்களும் செய்யலாம்.

படி 1: ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள்

கணவன், மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது. அன்றைக்குச் சண்டை வேண்டாம், எழுதினால் போதும்.

யாரிடம், அசல் பாக்கி எவ்வளவு, என்ன வட்டி, மாதம் எவ்வளவு போகிறது, எதை ஈடாகக் கொடுத்திருக்கிறோம் என்று ஐந்து பத்தி போடுங்கள். எங்கள் நோட்டில் இருந்தவை: தனியார் கடையில் நகைக்கடன் 1,80,000, வங்கியில் நகைக்கடன் 95,000, குழுக்கடன் இரண்டு, தினத்தண்டல் (தினமும் வந்து வசூலிக்கும் கடன்) ஒன்று, தெரிந்தவரிடம் ஐந்து வட்டிக்கு 40,000, சித்தப்பா வட்டியில்லாமல் தந்த 50,000.

படி 2: எல்லா வட்டியையும் வருட வட்டியாக மாற்றுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஊரில் வட்டியை நூறுக்கு மாதம் இவ்வளவு என்று சொல்லியே பழக்கம். இரண்டு வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 24 சதவீதம். ஐந்து வட்டி என்றால் 60. பத்து வட்டி என்றால் 120, அதாவது ஒரே வருடத்தில் வட்டி அசலைத் தாண்டிவிடும்.

தண்டலில் இது இன்னும் மறைந்து கிடக்கும். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போவதால், அந்த 9,000 முழுதாக நம் கையில் இருக்கவே இல்லை. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 75 சதவீதத்துக்கு மேல் வரும்.

அப்புறம் வரிசையை மாற்றி எழுதுங்கள். அதிக வட்டி மேலே, வட்டியில்லாத கடன் கடைசியில். எங்களுக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது.

படி 3: வருமானத்தை 12 மாதத்துக்கும் பிரித்துப் பாருங்கள்

மார்கழிப் பனியில் பால் நன்றாக வடியும். அந்த மாதம் கிடைத்த 28,000 ரூபாயை வைத்துத்தான் நான் தவணைக்கு ஒத்துக்கொண்டேன். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றுவிடும். ஆனி, ஆடி மழையில் பாதி நாள் மரத்துக்குப் பக்கத்திலேயே போக முடியாது. வருடம் முழுவதையும் கூட்டி வகுத்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 19,500தான் வந்தது. கடனுக்கு மட்டும் 14,500 வேண்டும். தவணை ஏன் தவறுகிறது என்று வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

கடற்கரையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களுக்கான தவணையை நல்ல மாதத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

படி 4: அதிக வட்டியைக் குறைந்த வட்டிக்கு மாற்றுங்கள்

புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது வேறு, இது வேறு. தனியார் கடையில் எங்கள் நகைக்கு மாதம் 3,600 வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் மாமாவிடம் கைமாற்று வாங்கி நகையை மீட்டோம். அன்றைக்கே வங்கியில் வைத்து, சாயங்காலம் மாமாவுக்குத் திருப்பிக் கொடுத்தோம். வங்கியில் வட்டி ஒன்பதரை சதவீதம், மாதம் 1,425. முந்தைய நாளே வங்கிக்குப் போய் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிலம் இருந்தால் தீர்வை (நிலவரி) ரசீதோடு போய் விவசாய நகைக்கடன் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

முதலில் அடகு வைத்தபோது இருந்ததைவிடப் பொன் விலை ஏறியிருந்ததால், அதே தொகைக்குக் குறைந்த பவுன் போதுமாக இருந்தது. ஒரு பவுன் வளையல் கையில் மிஞ்சியது. அதை விற்று ஐந்து வட்டிக் கடனை முடித்தோம். இன்றைய பொன் விலையைப் பார்த்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த 40,000-க்கு வருடம் 24,000 வட்டி போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வாரத்தில் மாதம் 4,175 ரூபாய் மிச்சமானது.

படி 5: தவணை தவறுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள்

குழுக்கடனில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நாம் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கேட்பார்கள். குழுவில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு கிளை அலுவலகத்தில் தவணையைக் குறைத்து மாதங்களைக் கூட்டித் தரும்படி எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, வீட்டின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி, குழுக்கடன் போன்ற நுண்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448.

சித்தப்பாவிடமும் போனேன். "மெதுவா தா மக்களே, ஆனா எப்பன்னு சொல்லு" என்றார். சொந்தக்காரர்களுக்குத் தேதி சொல்லாமல் ஒளிந்து நடப்பதுதான் உறவைக் கெடுக்கும்.

படி 6: மிரட்டல் வந்தால்

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத ஒன்று: அரசு நிர்ணயித்த வட்டியோடு அசலை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்டு நாமே மனுப் போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவிக்கு 15100. பெண்களுக்கு வக்கீல் இலவசம். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். கடன் ஆப்பில் வாங்கிவிட்டு, படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

வெற்றுக் காசோலையிலும் நிரப்பாத புரோநோட்டிலும் எந்த அவசரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராத்திரி தூக்கம் வராமல், உயிர் எதற்கு என்ற நினைப்பு வந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கடனை அடைக்க நாள் இருக்கிறது. வீட்டுக்கு முதலில் நீங்கள் வேண்டும்.

படி 7: ஒன்று முடிந்ததும் அதே பணத்தை அடுத்ததில் போடுங்கள்

எங்களுக்குத் தண்டல் முடிந்த மறுநாளே அந்த 100 ரூபாயைத் தனி டப்பாவில் போட ஆரம்பித்தோம். மாதக் கடைசியில் அந்த 3,000 குழுக்கடனுக்குக் கூடுதலாகப் போனது. நுண்கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் அதே 2022 விதியில் இருக்கிறது.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். கொடுத்த புரோநோட்டையும் காசோலையையும் கையோடு திருப்பி வாங்குங்கள். நம் கடன் விவரமெல்லாம் இருக்கும் சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். ஓரிரு மாதம் கழித்து அதை எடுத்து, முடித்த கடன் முடிந்ததாகவே காட்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் குழுக்கடன் ஒன்று பாக்கி என்றே காட்டியது. சான்று கையில் இருந்ததால் திருத்த முடிந்தது.