அவலாஞ்சிப் பயணத்துக்குச் சென்னையிலேயே கட்டும் ஃபிளை

நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கச் செல்லும் சென்னைக்காரர்களில் பலர், அதற்கான ஃபிளையை, அதாவது இறகும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளின்மேல் கட்டப்படும் பொய்ப் பூச்சியை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். பழைய பாணி ஃபிளைகளைப் பொறுத்தவரை அந்தச் செலவுக்கு அவசியமே இல்லை. மெல்லிய முள்ளைத் தவிர மற்ற எல்லாமே இந்த ஊரில் ஒரு நாள் அலைந்தால் கிடைத்துவிடும்.

ட்ரவுட் நம் மலைக்கு வந்தேறிய மீன். சென்னை மாகாண ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1860களில் அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன்வளர்ப்பு நிபுணர் ஹென்றி சார்லஸ் வில்சனின் முயற்சியில் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது. மீனோடு சேர்ந்து அதைப் பிடிக்கும் ஆங்கிலேய ஃபிளைகளும் வந்தன. அவற்றில் முதலில் கற்க வேண்டியது 'பிளாக் அண்ட் பீகாக் ஸ்பைடர்' என்பது என் கருத்து. மயிலிறகு உடலும் கறுப்புக் கோழியிறகுக் கால்களும் மட்டுமே கொண்ட இதில் பிழையை மறைக்க இடமில்லை. ஆகவே கை விரைவில் பழகும்.

முதலில் இறகு. நாட்டுக்கோழிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், கறுப்புப் பெட்டைக்கோழியின் கழுத்து இறகுகளை எடுத்துவைப்பார். சேவலின் இறகு விறைப்பானது, மிதக்கும் ஃபிளைக்கே பொருந்தும்; பெட்டையின் இறகு மென்மையானது, தண்ணீரை உறிஞ்சி மூழ்கி, ஓட்டத்தில் உயிருள்ளதுபோல் அசையும். நமக்கு வேண்டியது இரண்டாவது. வீட்டுக்கு வந்ததும் ஷாம்பு கலந்த வெந்நீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டையோடு டப்பாவில் மூடிவைக்க வேண்டும். நான் ஒருமுறை சரியாக உலராததை மூடிவைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது எழுந்த நாற்றத்துக்கு வீட்டில் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.

மயிலிறகு விஷயத்தில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். பறவையிடமிருந்து பிடுங்கியதைத் தொடவே கூடாது. அடித்தண்டில் இரத்தக் கறை தெரிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பழைய ஃபிளைகளில் பெரிதும் புகழ்பெற்ற காட்டுக்கோழிக் கழுத்திறகையும் இதே காரணத்தால் மறந்துவிடுவது நல்லது.

மெல்லிய கறுப்பு எம்பிராய்டரி நூலும் வெள்ளிச் சரிகையும் ஆரி வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தையல் நூல் தடிமனானது, வேண்டாம். எனாமல் பூசிய முடி போன்ற செம்புக் கம்பிக்கு மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. இவற்றோடு தேன்மெழுகு, நிறமில்லா நகப்பூச்சு, கூரான சிறு கத்தரி, முள்ளை இறுக்கிப் பிடிக்க மேசையில் பொருத்தும் சிறிய வைஸ் ஆகியவை போதும். முள் 12ஆம் எண். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள்.

முள்முனையருகே பின்னோக்கி நீளும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி, வளைவு வைஸில் அடங்கும்படி இறுக்கிக்கொள்ளுங்கள். நூலில் தேன்மெழுகைத் தடவி, நரம்பு கோக்கும் துளையான காதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டு, முள்ளின் நேரான தண்டின்மேல் பின்னோக்கி நெருக்கமாகச் சுற்றி வளைவு தொடங்கும் இடம்வரை செல்லுங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டரைக் கடைசிவரை காப்பாற்றுவதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. என் முதல் பன்னிரண்டு ஃபிளைகளிலும் ஆசைப்பட்டு இறகைக் காதுவரை அடைத்துவிட்டதால், ஓடைக்கரையில் குளிரில் விறைத்த விரலோடு நின்று, தூண்டில் நரம்பைக் கோக்க வழியில்லாமல் ஊசியால் காதைக் குத்திக்கொண்டிருந்தேன்.

வளைவருகே செம்புக் கம்பியின் முனையையும், மயில் தோகையின் கண்ணுக்குக் கீழேயுள்ள பகுதியிலிருந்து உருவிய மூன்று இழைகளின் நுனிகளையும் சேர்த்துக் கட்டி, நூலை முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். மூன்று இழைகளையும் லேசாக முறுக்கி, இடைவெளியில்லாமல் முன்னோக்கிச் சுற்றுங்கள். விளக்கொளியில் பச்சையும் செம்பும் மாறிமாறி மின்னும் தடித்த வண்டுடல் ஒன்று உருவாகும். மயில் இழை மிக எளிதில் அறுபடும். ஒரு மீனின் பல் பட்டாலே பிரிந்துவிடும். ஆகவே கம்பியை எதிர்த்திசையில் நான்கைந்து சுற்று அகலமாகச் சுற்றி முன்னால் கட்டிவிடுங்கள்.

இனிக் கால்கள். இழைநீளம் முள்ளின் வாயகலத்தைப்போல் (முனைக்கும் தண்டுக்கும் இடையிலான அகலம்) ஒன்றரை மடங்குள்ள இறகைத் தேர்ந்து, அடியிலுள்ள பஞ்சை உரித்து, பளபளப்பான பக்கம் காதை நோக்குமாறு இறகின் தண்டைக் கட்டுங்கள். இரண்டே சுற்று. மூன்றாவது சுற்றுக்குக் கை போகும். போக விடாதீர்கள், அடர்த்தியான ஃபிளை மூழ்காது, அசையாது. இழைகளைப் பின்னோக்கி நீவிப் பிடித்துக்கொண்டு, இரு விரலில் நூலை வளையமாக்கி, வளையத்தின் ஒரு பக்கத்தை முள்ளின் தண்டோடு கிடத்தி, மறுபக்கத்தால் அதன்மேல் ஐந்து சுற்று சுற்றி இழுத்தால் முடிச்சு உள்ளே புதைந்துவிடும். நறுக்கிவிட்டு ஊசிமுனையால் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள்.

கட்டியதை நரம்பில் கோத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏற்றும்போது கால்கள் உடலோடு ஒட்டி, நிறுத்தியதும் விரிய வேண்டும். விரியாவிட்டால் பிளேடால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள், முள் வீணாகாது.

இது கைவந்த பிறகு 'புட்சர்' என்ற ஃபிளையைக் கட்டலாம்: வாலுக்குச் சிவப்புப் பட்டு நூல், உடலுக்கு வெள்ளிச் சரிகை, கறுப்புக் கால், சிறகுக்கு வாத்தின் இறக்கையில் நீலம் மினுங்கும் இறகு. அசல் ஜரிகை நனைந்து நனைந்து கறுக்கும். மலிவான பாலியெஸ்டர் சரிகையே இதற்கு மேல்.

சென்னையின் கடற்காற்றில் முள் துருப்பிடிப்பது உறுதி என்பதால், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஃபிளை டப்பாவில் போட்டுவைக்கிறேன். மீன்வளத் துறையின் அனுமதியையும், ஓடை காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் அனுமதியையும் புறப்படும் முன்பே விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஆறு கையிருப்பில் இருக்கட்டும்; மீதியை நீலகிரி எக்ஸ்பிரஸில் கட்டிக்கொள்ளலாம் என்று வைஸைத் தூக்கிக்கொண்டு போனவன் நான், அரக்கோணம் தாண்டுவதற்குள் கோழியிறகு பெட்டி முழுவதும் பறந்தது.