தூரத்திலிருந்து ராஸ்பெரி பையை அணைக்கும்போது சறுக்கும் இடங்கள்

2012-ல் உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பை முதலில் வந்தபோது அதில் பவர் பட்டன் கிடையாது. கீபோர்டுக்குள் அடங்கிய பை 400-ஐ விட்டுவிட்டால், 2023-ல் பட்டனோடு பை 5 வரும் வரை இதே கதைதான். பட்டன் இல்லாத பொருளை அணைக்கச் சொன்னால் யாருக்கும் முதலில் கை போவது வயரிடம்தான். பக்கத்தில் இல்லாதவர்கள் அதையே ஸ்மார்ட் பிளக்கை வைத்துச் செய்கிறார்கள். போனில் ஒரு தட்டு, மின்சாரம் போச்சு, பை அணைந்தாச்சு.

தவறுகளிலேயே மூத்தது இதுதான். பையில் ஓடும் லினக்ஸில் ஒரு ஃபைலைச் சேமித்த உடனே அது சேமிப்பிடமான எஸ்டி கார்டில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி வரை தற்காலிக நினைவகமான ராமிலேயே காத்திருக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் அந்த ஃபைல் போச்சு. அதோடு முடிந்தால் பரவாயில்லை. கார்டுக்குள் இருக்கும் சின்னக் கன்ட்ரோலர் தேய்மானத்தைச் சமன் செய்ய, நாம் தொடாத பழைய தரவையும் அவ்வப்போது இடம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால், எத்தனையோ மாதமாகத் திறக்காத ஃபைல்கூடச் சிதையலாம். பத்து முறை வயரைப் பிடுங்கியும் ஒன்றும் ஆகவில்லையே என்பவர்களுக்கு என் பதில்: பதினோராவது முறை பூட் ஆகாது, அன்றைக்கென்று நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள்.

சரியான வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூரத்திலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு ‘பவர்ஆஃப்’ அல்லது ‘ஷட்டவுன் நவ்’ கொடுக்க வேண்டும். ‘நவ்’ போடாமல் ‘ஷட்டவுன்’ மட்டும் அடித்தால் ஒரு நிமிடம் கழித்துத்தான் அணையும். நான் வேண்டுமென்றே இப்படித்தான் அடிப்பேன். தப்பான பெட்டியில், அதாவது வேறு கணினியில், அடித்துவிட்டோம் என்று உறைத்தால், அந்த ஒரு நிமிடத்துக்குள் ‘ஷட்டவுன் மைனஸ் சி’ கொடுத்து நிறுத்திவிடலாம்.

தப்பான பெட்டி என்பது விளையாட்டுப் பேச்சில்லை. மூன்று பை வைத்திருப்பவர் மூன்றையும் ‘ராஸ்பெரிபை’ என்ற அதே பெயரில் விட்டிருப்பார். டெர்மினலில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஹோஸ்ட்நேம் மாற்றுங்கள். டெபியன் லினக்ஸில் ‘மோலி-கார்ட்’ என்று ஒரு பேக்கேஜ் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக வந்து ஷட்டவுன் கொடுத்தால், “எந்த மெஷின்? பெயரை அடி” என்று கேட்கும். தப்பாக அடித்தால் அணைக்காது. பெயருக்கும் ஒரு கதை சொல்வார்கள்: ஒரு புரோகிராமரின் குட்டி மகள் மோலி, ஐபிஎம் 4341 கணினியின் சிவப்பு ஸ்விட்சை ஒரே நாளில் இரண்டு தடவை தட்டிவிட, அதன்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டார்களாம்.

கட்டளை கொடுத்தாயிற்று, பை இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் தட்டிக் கேட்கும் பிங்குக்குப் பதில் வருவதும் நின்றுவிட்டது. உடனே ஸ்மார்ட் பிளக்கை அணைக்கிறார்கள். பொறுங்கள். பிங் நின்றால் நெட்வொர்க் போய்விட்டது என்று மட்டுமே பொருள். கார்டைப் பாதுகாப்பாக விடுவிக்கும் (அன்மவுண்ட்) வேலை அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கலாம். பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் நிற்காமல் அடம்பிடித்தால், அவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி வரை பொறுத்திருந்துதான் அதைக் கொல்லும். டேட்டாபேஸ் ஓடுகிற பெட்டியென்றால் இந்தக் காத்திருப்பு சாதாரணம். பிளக்குக்கு டைமர் வைப்பதானால் மூன்று நிமிடமாவது வையுங்கள். வீட்டில் யாராவது இருந்தால் விளக்கைப் பார்க்கச் சொல்லலாம். பை 4 வரையிலான பலகைகளில் பச்சை விளக்கு சிமிட்டி முடித்து ஓய்ந்துவிடும், சிவப்பு மட்டும் எரியும். என் அம்மாவிடம் போனில் கேட்டபோது, “சிவப்பு எரியுதுப்பா, இன்னும் அணையலை போலிருக்கு” என்று அரை மணி நேரம் காவல் இருந்தார். சிவப்பு என்பது மின்சாரம் வருகிறது என்பதற்கு அடையாளம். வயர் செருகியிருக்கும் வரை எரியத்தான் செய்யும். இதை முன்னாலேயே சொல்லாதது என் தப்பு.

இனி பெரிய குழி. அணைத்ததைத் திரும்ப எப்படி ஏற்றுவீர்கள்? மேசைக் கணினியைப் போல நெட்வொர்க் வழியே தட்டி எழுப்பும் வசதி பையில் கிடையாது. பட்டன் இல்லாத பையில் வயரைப் பிடுங்கிச் செருக வேண்டும், இல்லையென்றால் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஐஓ பின் வரிசையில் 5, 6-ஆம் பின்களை ஒரு நொடி இணைக்க வேண்டும். இரண்டுக்கும் அங்கே ஒரு கை வேண்டும். ஸ்மார்ட் பிளக் இருந்தால் இங்கேதான் அது உண்மையில் உதவும்: முழுதாக அணைந்த பிறகு பிளக்கை ஒருமுறை நிறுத்திப் போட்டால் பை எழுந்துவிடும். ஆனால் அந்தப் பிளக்கை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் அதே பையில்தான் ஓடுகிறது என்றால்? நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதைதான். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருக்கும் விபிஎன் ஆன வயர்கார்ட் அதில் ஓடினாலும் இதே கதி. வீட்டுக்கே தளப்பெயர்களைத் தேடித் தந்து விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் ஓடினால் இன்னும் மோசம். வீட்டில் எல்லோருக்கும் இன்டர்நெட் போய், திட்டு உங்களுக்கு வரும்.

அதனால் அணைக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். முக்கால்வாசி நேரம் நமக்கு வேண்டியது ரீபூட்தான். சும்மா இருக்கும் பை 4 எடுப்பது ஏறக்குறைய 3 வாட். மாதத்துக்கு இரண்டு யூனிட்டை ஒட்டி வரும். அதை மிச்சம் பிடிக்க ஊருக்குப் பஸ் ஏறுவது கட்டாது.

அணைக்கும் வசதிக்காக ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடுபவர்களும் உண்டு. வேண்டாம். பழைய பதிப்புகளில் ‘பை’ என்ற பயனரும் ‘ராஸ்பெரி’ என்ற பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரிந்த சாவி. 2022 ஏப்ரலில்தான் அந்தப் பயனரை எடுத்தார்கள். பழைய கார்டில் அது இன்னும் இருக்கும்.

கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் இருக்கும் பையை, எழுத வேண்டிய தேவை இல்லாவிட்டால், ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தில் போட்டுவிடுங்கள். பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் மெனுவிலேயே இருக்கிறது. கார்டில் எதுவும் எழுதப்படாது, எல்லா மாற்றமும் ராமிலேயே நின்றுவிடும். கரண்ட் எப்போது போனாலும் பெரிதாகக் கவலையில்லை. அந்த ஓவர்லேயை நிறுத்த மறந்து ஒரு சாயங்காலம் முழுக்க அப்டேட் போட்டேன். ரீபூட் ஆனதும் பழைய பதிப்பே வந்து நின்றது.