விளையாட்டு வழி ப்ளே ஸ்கூல்: போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விஜயதசமி நெருங்கினால் தெருவுக்குத் தெரு ப்ளே ஸ்கூல் பேனர்தான். அதில் "விளையாட்டு வழிக் கல்வி" என்ற வரி கட்டாயம் இருக்கும். எங்கள் மகளுக்கு இரண்டரை வயதானபோது சென்னையில் எங்கள் பகுதியில் உள்ள பள்ளிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். ஒரு பள்ளியில் மணல், தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டைகள். அடுத்த தெருவில் இருந்த பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் புள்ளிக்கோட்டின் மேல் 'ஏ' எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாசலிலும் தொங்கியது ஒரே வாசகம். பணம் கட்டுவதற்கு முன்பே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ப்ளே ஸ்கூல் தேவையா, எந்த வயதில் அனுப்பலாம் என்பதையெல்லாம் இங்கே பேசவில்லை. அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கானது இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். குழந்தை தானே தொடங்கி, தன் போக்கில் நடத்தி, போதும் என்று தோன்றும்போது நிறுத்துவதுதான் விளையாட்டு. "எல்லாரும் பந்தை எடுங்க, கூடையில போடுங்க, கை தட்டுங்க" என்று மிஸ் சொல்லச் சொல்லச் செய்வது உடற்பயிற்சி வகுப்பு. அதிலும் தவறில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு விளையாட்டு வழி என்று ஒரு பள்ளி சொன்னால் நான் ஏற்கமாட்டேன். கீழே வரும் எல்லாப் படிகளிலும் நான் தேடுவது ஒன்றுதான்: இந்தப் பள்ளியில் குழந்தை தானாக எதையாவது தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறதா?

படி 1: தூரத்தை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள்

மூன்று வயதுக் குழந்தைக்கு வேன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடந்து போகும் தூரம், இல்லையென்றால் வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடம். கூகுள் மேப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில் காலை எட்டே முக்காலுக்குப் பாருங்கள்.

கூகுள் ரிவ்யூவில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, குறைந்த மதிப்பீடுகளை முதலில் காட்டும்படி மாற்றிப் படியுங்கள். ஒரே குறையை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பெற்றோர் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல ஸ்கூல் எது?" என்று கேட்டால் பதினைந்து பெயர் வரும், பயன் இருக்காது. "உங்க பொண்ணு போற ஸ்கூல்ல வீட்டுக்கு ஒர்க்‌ஷீட் தர்றாங்களா?" என்று ஒருவரைத் தனியாகக் கேளுங்கள்.

படி 2: சான்றுகளும் கட்டடமும்

தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கென்று 2015 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. அங்கீகாரம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு தாள்கள். கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளி என்றால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம்.

தாளோடு நிற்காமல் கண்ணாலும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்த தீ விபத்தில், கூரை வேய்ந்த மாடி வகுப்பிலிருந்து இறங்க இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. அதனால் மாடியில் வகுப்பு நடத்தும் ப்ளே ஸ்கூலை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தரைத்தளம், வெளியேற இரண்டு வழி, க்ரில் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, இவ்வளவும் தெரிய வேண்டும். பாத்ரூமை எட்டிப் பாருங்கள். குழந்தை உயரத்துக்குக் குழாய் இருக்கிறதா, யார் கழுவிவிடுகிறார்கள், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுமா?

எண்ணிக்கை விஷயத்தில், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் என்பது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் இதைவிடக் குறைவாக இருப்பது நல்லது.

படி 3: ஒரு சாதாரண நாளில், பத்தரை மணிக்குப் போய் உட்காருங்கள்

எனக்கு அதிகம் சிரமம் தந்ததும் பலனைத் தந்ததும் இந்தப் படிதான்.

அட்மிஷன் நாளில் போனால் பலூன் கட்டியிருப்பார்கள், பொம்மைகள் வரிசையாக இருக்கும், குழந்தைகள் இருக்கமாட்டார்கள். சனிக்கிழமை டெமோ கிளாஸும் அப்படித்தான். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், காலை வழிபாடும் பாட்டும் முடிந்து ஸ்நாக்ஸ் டப்பா திறப்பதற்கு முன்னால் இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். "போனை வெளியே வைத்துவிட்டு, ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று நான் கேட்பேன். போனை வைத்துவிடுகிறேன் என்று நீங்களே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். மற்ற குழந்தைகளின் படம் வெளியே போய்விடுமோ என்பது அவர்களின் நியாயமான கவலை.

உட்கார்ந்ததும் முதலில் சுவரைப் பாருங்கள். இருபது யானைகள் ஒட்டியிருக்கும். இருபதும் ஒரே சாம்பல் நிறம், ஒரே இடத்தில் கண், கோட்டுக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை என்றால் அதைச் செய்தது மிஸ். குழந்தை விரலால் பெயின்டை அப்பிய தாள், யானையா பஸ்ஸா என்று தெரியாத ஒன்று, அதன் கீழே குழந்தை சொன்னதை மிஸ் எழுதி வைத்த வரி, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நல்ல அறிகுறி.

அடுத்து அலமாரி. விளையாட்டுச் சாமான் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், மூடி இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அலமாரியில் இருப்பது பெற்றோருக்கான காட்சிப்பொருள். புது பிளாஸ்டிக் பொம்மையைவிடத் தேய்ந்துபோன மரக்கட்டை, ஓரம் மழுங்கிய சொப்புச் சாமான், பல்லாங்குழிப் பலகை, சிரட்டை, களிமண், பழைய துண்டு, காலி டப்பா இவையெல்லாம் இருக்கும் அறைதான் எனக்குப் பிடிக்கும். ஒரு டப்பா காலையில் அடுப்பாகவும் மதியம் ரயிலாகவும் மாறும். பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மையை வைத்துக்கொண்டு குழந்தையால் பட்டனை அழுத்த மட்டும்தான் முடியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, வேறு எதையும் கவனிக்காமல் அந்தக் குழந்தையையே பாருங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை முறை அதைப் பாதியில் நிறுத்தி வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

நாங்கள் கடைசியில் சேர்த்த பள்ளியில் நான் பார்த்த காட்சி இது. ஒரு பையன் தண்ணீர்த் தொட்டியருகே டீ வடிகட்டியில் தண்ணீரை மொண்டு டம்ளருக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான். வழியிலேயே ஒழுகிவிடுகிறது. வடிகட்டியைத் திருப்பிப் பார்க்கிறான், அடியில் கையை வைத்து மூடுகிறான், மறுபடி மொள்ளுகிறான். சட்டை முழுக்க ஈரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ் ஒன்றுமே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிரட்டையை எடுத்து அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார், அவ்வளவுதான். அவன் அதைக் கவனிக்க இன்னும் சில நிமிடம் ஆனது. கவனித்ததும் இரண்டிலும் மாறி மாறி மொண்டு பார்த்தான். மிஸ் அப்போதுதான் கேட்டார்: "இதுல மட்டும் எப்படிடா நிக்குது?"

இப்படி ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு ஏசி அறை இல்லை என்பதெல்லாம் ஒரு குறையே இல்லை. "டேய், சட்டைய நனைக்காத, வா, சர்க்கிள் டைம்" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவன் கண்டுபிடிக்கவிருந்தது அங்கேயே முடிந்திருக்கும்.

சண்டை வந்தால் அதையும் கவனியுங்கள். ஒரு வாளிக்கு இருவர் அடித்துக்கொண்டால், வாளியைப் பிடுங்கி மேலே வைப்பவர் ஒரு ரகம். கீழே உட்கார்ந்து, இருவர் கண்ணையும் பார்த்து, "ரெண்டு பேருக்கும் வேணுமா? என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் இன்னொரு ரகம். காத்திருக்கத் தெரிந்தவரிடம் பிள்ளையை விடுங்கள்.

படி 4: கேட்க வேண்டிய கேள்விகள்

"உங்கள் கல்வி முறை என்ன?" என்று கேட்காதீர்கள். பிரசுரத்தில் அச்சடித்ததையே திருப்பிச் சொல்வார்கள். "நேற்று பத்தரை மணிக்குப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்ல யாரும் தயாரித்து வைத்திருக்கமாட்டார்கள். வகுப்பு மிஸ்ஸிடம் கேட்பது இன்னும் நல்லது.

"முதல் வாரம் அழுதால் என்ன செய்வீர்கள்?" இதற்கு "ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் சரியாயிடும், நீங்க திரும்பிப் பாக்காம போயிடுங்க" என்ற பதில் எனக்குப் போதாது. முதல் சில நாள் அம்மாவோ பாட்டியோ உள்ளே உட்கார அனுமதி உண்டா, யார் மடியில் வைத்துக்கொள்வார்கள் என்று தெரிய வேண்டும். டயப்பர் மாற்றுவது யார் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆயாம்மாவிடம் "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். வருடத்துக்கு வருடம் ஆள் மாறும் இடத்தில் குழந்தை யாரிடமும் ஒட்டாது.

மான்டிசோரி என்ற கல்வி முறை பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதை உருவாக்கிய மரியா மான்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து பயிற்சி நடத்தியவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அதனால் சென்னைக்கு அந்தப் பெயர் பழக்கம். ஆனால் பலகையில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உண்மையான மான்டிசோரி வகுப்பில் குழந்தை தேர்ந்தெடுக்கும், ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முறை உண்டு. இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டலாம், அதையே ரயிலாக ஓட்டுவதற்கு அங்கே இடம் குறைவு. அது நல்ல முறைதான், ஆனால் இந்தப் பதிவு பேசும் விளையாட்டிலிருந்து வேறானது. ஆசிரியர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள் என்று கேளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 5: பணம்

பருவக் கட்டணம், பொருட்கட்டணம், ஆண்டு விழா உடைக்கு எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "இன்னிக்கே கட்டினா தள்ளுபடி" என்றால் கட்டாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சேர்த்து வைத்தவை

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: எந்தப் பள்ளியும் உள்ளே உட்கார விடவில்லையாம். அப்படியானால் ஜன்னல் வழியாகப் பத்து நிமிடம் பார்க்க அனுமதி கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். முழங்காலில் மண், நகத்தில் பெயின்ட், கலைந்த தலையோடு வருகிறார்களா என்று பாருங்கள். காலையில் சீவிவிட்ட தலை கலையாமல் எல்லாக் குழந்தைகளும் வந்தால் எனக்கு யோசனையாக இருக்கும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: "வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன சொல்வது?" எங்கள் வீட்டிலும் மாமா கேட்டார், "ஏம்மா, வருஷம் முடியப்போகுது, இன்னும் 'அ' எழுதத் தெரியலையே?" நான் விளக்கிச் சொன்னேன். பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட வருடக்கணக்கில் ஆகும். மூன்று விரலில் பென்சில் பிடிக்கும் பிடி பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் நிலைப்படும். அதற்கு முன் களிமண் பிசைவதும், துணி பிழிவதும், கயிற்றில் தொங்குவதும்தான் எழுதுவதற்கான தயாரிப்பு. 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டையே நடுவில் வைக்கிறது என்றேன். மாமா அடுத்த நாளிலிருந்து பேத்தியை உட்கார வைத்துச் சப்பாத்தி மாவு பிசையக் கொடுத்தார்.

"பெரிய பள்ளியில் எல்.கே.ஜி. இன்டர்வியூவில் திணறுவாளே?" என்றும் கேட்கிறார்கள். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஆனாலும் "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று அழைக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே கேட்பது பெரும்பாலும் பெயர், நிறம், ஒரு பாட்டு. புதியவர்களிடம் தயங்காமல் பேசும் குழந்தைக்கு அது கஷ்டமில்லை, அந்தத் தைரியம் விளையாடிய பிள்ளைக்கு நன்றாகவே வரும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள், சிற்றூரில் இருப்பவர்கள் பலர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். பக்கத்து அங்கன்வாடியைப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். 1975-ல் தொடங்கிய திட்டம் அது. சத்துணவோடு, பாட்டு, கதை, விளையாட்டு வழியாக முன்பருவக் கல்வி தருவதும் அதன் வேலையே. மையத்துக்கு மையம் தரம் மாறும், அதனால் படி 3 அங்கேயும் அப்படியே பொருந்தும்: பத்தரை மணிக்குப் போங்கள், ஒரு குழந்தையை மட்டும் பாருங்கள், டீச்சர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள்.