கலைக்கண்காட்சி வார இறுதி: கோலாலம்பூரில் பலரும் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரின் தனியார் கலைக்கூடங்கள் பல, புதிய கண்காட்சிகளைச் சனிக்கிழமை பிற்பகலில் திறந்து வைக்கின்றன. ஒரே வார இறுதியில் மூன்று, நான்கு திறப்பு விழாக்கள் அமைந்துவிட்டால் எல்லாவற்றிலும் தலைகாட்டிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஓவியம் பார்க்கப் புறப்பட்டவர் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாளைக் கழித்துவிட்டு வீடு திரும்புவதும் அந்த ஆசையால்தான். வரைபடத்தில் தேசியக் கலைக்கூடமும் பிரிக்பீல்ட்ஸும் பப்ளிக்கா வணிக வளாகமும் தொலைவாகத் தோன்றாவிட்டாலும், சனிக்கிழமை மாலை நெரிசலில் அவற்றுக்கிடையே போய் வருவது எளிதன்று. வட்டாரம் வட்டாரமாகத் திட்டமிடுவதே நல்லது. 2015இல் தொடங்கப்பட்ட இல்ஹாம் கலைக்கூடத்துக்கு அம்பாங் பார்க் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலையில் உள்ள வெய்லிங் கலைக்கூடத்துக்கு, கந்தசாமி கோயிலுக்குப் போய்ப் பழகிய நம்மவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதே இல்லை.

புறப்படுவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பல கூடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது பலருக்குத் தெரியும். ஆனால், தனியார் கூடங்களில் சில ஞாயிற்றுக்கிழமையும் மூடியிருக்கும் என்பதும், சில முன்கூட்டியே நேரம் கேட்டு வருவோருக்கு மட்டுமே கதவைத் திறக்கும் என்பதும் பூட்டிய கதவின் முன் நிற்கும்போதுதான் தெரிய வருகிறது.

இவற்றைவிடப் பெரிய தவறு, திறப்பு விழாவுக்குப் போய் வந்ததையே கண்காட்சியைப் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வது. திறப்பு விழா மனிதர்களைச் சந்திப்பதற்கான நேரம். உரைகள் நடக்கும், பலகாரத் தட்டுகள் சுற்றிவரும், ஓவியங்களுக்கு முதுகைக் காட்டியபடி எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு படத்தின் முன் சில நிமிடங்கள் நின்றாலே பின்னால் யாராவது ‘கொஞ்சம் நகருங்கள்’ என்பார்கள். ஓவியரையும், படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டரையும் நேரில் காணும் வாய்ப்புக்காகத் திறப்பு விழாவுக்குச் செல்லுங்கள். படைப்புகளைப் பார்ப்பதற்கு இன்னொரு நாள், கூட்டமில்லாத வேளையில் திரும்பச் செல்லுங்கள். கண்காட்சி பெரும்பாலும் சில வாரங்கள் நீடிக்கும் என்பதால் அவசரத்துக்குக் காரணமே இல்லை.

அழைப்பிதழ் இல்லாமல் நுழையக்கூடாது என்றும், நுழைந்தால் எதையாவது வாங்கியாக வேண்டும் என்றும் எண்ணித் தயங்குவோர் நம்மிடையே நிறையப் பேர். பெரும்பாலான திறப்பு விழாக்கள் எல்லோருக்கும் பொதுவானவை. வாங்காமல் பார்த்துவிட்டுப் போவதும் மரியாதைக் குறைவாகாது. தயக்கம் விலகியவுடன் சிலர் எதிர்த் திசையில் தவறுகிறார்கள். ஓவியரைப் பார்த்ததும் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பது அவரை ஓர் ஆயத்த விடைக்குள் அடைத்துவிடுகிறது. இந்த வண்ணத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இதை முடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பது போன்ற செய்முறைக் கேள்விகளுக்கே மனம் திறந்த பதில் கிடைக்கிறது.

விலை பற்றிய பேச்சில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுவரில் உள்ள சிறு சீட்டில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு ஆகியவை இருக்கும். அளவில் உயரமே முதலில் வரும். அருகே சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுப்போய்விட்டது என்று பொருள். அச்சோவியங்களின் கீழ் 5/20 என்று எழுதியிருந்தால் அது இருபது பிரதிகளில் ஐந்தாவது. எண் சிறியதாக இருப்பதால் மட்டும் அந்தப் பிரதி சிறந்ததாகிவிடாது. விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஓவியரை அருகில் வைத்துக்கொண்டே சந்தையில் மீன் பேரம் பேசுவதுபோல் விலையைக் குறைக்கச் சொல்வதுதான் தவறு. கூடத்தில் பார்த்த படத்தை ஓவியரிடம் தனியே பேசி மலிவாக வாங்கிவிடலாம் என்று முயல்வது அதைவிட மோசமானது. விலையில் ஏறத்தாழப் பாதிவரை கூடத்துக்குப் போவது வழக்கம். வாடகை, விளக்கு, காப்புறுதி, விளம்பரம் எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் நடக்கின்றன. இரண்டு மூன்று மாதத் தவணையில் செலுத்தலாமா என்று கூடத்தாரிடம் கேட்பது மட்டும் முற்றிலும் முறையானதே. இசைகிற இடங்கள் உண்டு.

தொடக்கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனால் தோளில் தொங்கும் பையை மறந்துவிடுகிறார்கள். திரும்பும்போது படத்தில் உரசுவது கையைவிடப் பைதான். தாளிலும் துணியிலும் அமைந்த படைப்புகள் இருக்கும் அறை மங்கலாக இருப்பதைக் குறை சொல்ல வேண்டாம். மிகுந்த ஒளியில் அவை வெளிறிவிடும் என்பதால் 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவிலேயே விளக்கை வைப்பது அருங்காட்சியக வழக்கம்.

‘இதில் நம்ம ஆள் யாராவது உண்டா?’ என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் திரும்பிவிடுவதும் ஒரு பழக்கமாகியிருக்கிறது. ஆர்வம் நியாயமானதுதான். 1973இல் தேசியக் கலைக்கூடம் நடத்திய போட்டியில் முதன்மைப் பரிசைப் பகிர்ந்துகொண்ட நிர்மலா சண்முகலிங்கம், அழகன்குளத்தில் பிறந்து சென்னையில் ஓவியம் பயின்ற சையத் தாஜுதீன், இன்று எழுதப்படும் ஓவியங்களுக்கு அனுரேந்திர ஜெகதேவா என்று தேடிப் பார்க்க வேண்டியவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஆயினும், இவர்களின் படைப்புகளை லத்தீப் மொஹிடின், ரெட்சா பியதாசா போன்ற பிற மலேசியக் கலைஞர்களின் படைப்புகளுடன் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் தனித்தன்மை துலங்கும்.

வாங்கிய பிறகும் தவறு நேரலாம். நம் நாட்டு ஈரப்பதத்தில் தாள் ஓவியங்களில் பூஞ்சை எளிதில் படரும். ஆகவே தாள் கண்ணாடியில் படாதபடி அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரிலும், வெயில் நேரே விழும் இடத்திலும், சாமி விளக்கின் புகை எட்டும் உயரத்திலும் மாட்டாதீர்கள். ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழையும் ரசீதையும் படத்தின் பின்புறம் ஒட்டிவிடாமல் தனியே ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.